தனபால் அண்ணன் வாங்கிய பாட்டுகள்

போன வாரம் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம் என்று ஹென்போனை எடுத்தால், நான் சேர்த்து வைத்திருந்ததில் பாதிப் பாட்டுகள் வெளுத்துக் கிடக்கின்றன. பெயர் இருக்கிறது, தொட்டால் பாடவில்லை. உங்கள் நாட்டில் இது தற்போது கிடைக்காது என்று கீழே ஒரு வரி. நான் எங்கேயும் போய்விடவில்லை. அதே மலாக்கா, அதே புக்கிட் பெருவாங் வீடு, அதே அடுப்பு. நேற்றுவரை பாடிய பாட்டு என்ன கோபத்தில் நாட்டைவிட்டுப் போனது என்று தெரியவில்லை. மகனிடம் காட்டினேன்.

"லைசன்ஸ் முடிஞ்சிருக்கும்மா. வேற பாட்டு கேளுங்க. அதான் இவ்ளோ இருக்கு லா" என்றான்.

வேறு பாட்டு கேட்கலாம்தான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு தனபால் அண்ணனின் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கீரையில் எதை எறிந்தேன், எதை வைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்குக் குழம்பில் காம்புதான் அதிகம்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஜாசின் கேசட் கடைக்குப் போக வேண்டும். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் நான் பார்த்த முதல் வேலை அது. பெம்பான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலை பஸ் பிடித்து வருவேன். கடைக்கென்று ஒரு வாசனை உண்டு. புதுக் கேசட்டின் மேல்தாளைக் கிழிக்கும்போது வரும் பிளாஸ்டிக் நெடி, டேப் ஓடும் இடத்தைத் துடைக்கும் ஸ்பிரிட் நெடி, முதலாளி காலையில் போடும் சாம்பிராணி, எல்லாம் கலந்த வாசனை. அது சட்டையில் ஏறிக்கொண்டு வீடுவரை வரும். "நீ பாட்டுக் கடையில வேல பாக்குறியா, ஆஸ்பத்திரியில வேல பாக்குறியா?" என்று அம்மா கேட்பார்.

புதுக் கேசட் விற்பதோடு, ஆட்கள் கேட்கும் பாட்டுகளை வெற்றுக் கேசட்டில் பதிந்தும் கொடுப்போம். அது சட்டப்படி சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் அந்தக் கேள்வியை ஜாசினில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. பதிவது என் வேலை. ஒரு பாட்டைப் பதிய, அந்தப் பாட்டு முழுவதையும் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். அவசரப்படுத்த வழியே இல்லை. நானும் கூடவே பாடுவேன். எனக்குக் குரல் கிடையாது. "மெதுவா பாடு தங்கச்சி, கேசட்டுல ஏறிடப் போவுது" என்பார் முதலாளி. ஏறாது என்று அவருக்கும் தெரியும்.

தனபால் அண்ணன் செம்பனை எண்ணெய் டேங்கர் லாரி ஓட்டினார். ஆலையிலிருந்து துறைமுகத்துக்குப் போய்வரும் வண்டி. எல்லா லாரிக்காரர்களும் பாட்டு வாங்குவார்கள். ஆனால் அவர் வாங்கும் விதம் வேறு. இன்ன பாட்டுக்குப் பிறகு இன்ன பாட்டு வர வேண்டும் என்று வரிசை சொல்லுவார். மேட்டில் ஏறும்போது தாளம் வேண்டும், கோலா சுங்கை பாருவில் கடல் கண்ணில் படும் இடத்தில் மெல்லிய பாட்டு வேண்டும். அந்த வரிசை மாறக்கூடாது.

ஒருநாள் மதியம் கேசட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"மொதலாளி, கடைசிப் பாட்டுல ஒரு சரணம் இல்ல."

"டேப்பு முடிஞ்சிருக்கும் தனபாலு. அதுக்கென்னா, நல்ல எடத்துலதானே முடிஞ்சிருக்கு."

"நல்ல எடமா? அந்தப் பொண்ணு அழுதுகிட்டு நிக்கிது. அவன் திரும்பி வந்தானா இல்லையான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"அதான் படத்துல பாத்தியே."

"படத்துல பாத்தேன். லாரியில அவன் வரவே மாட்டேங்கிறானே."

முதலாளி கொஞ்ச நேரம் முறைத்தார். அண்ணனும் முறைத்தார். கடையில் இருந்த இரண்டு பேர் எந்தப் பாட்டு என்று விசாரித்து, ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் முதலாளி நீளமான கேசட் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் முதலிலிருந்து திரும்பப் பதிந்தேன். அது முடியும்வரை அண்ணன் கடையிலேயே உட்கார்ந்து கோப்பி குடித்தார். அந்தக் கோப்பி முதலாளி வாங்கிக் கொடுத்ததுதான்.

பிறகு பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விசிடி வந்தது. ஒரே தட்டில் நூறு பாட்டு என்று கூவி விற்றார்கள். அடுத்து ஹென்போனில் பாட்டு ஏற்றும் காலம் வந்தது. முதலாளி அதையும் கொஞ்ச நாள் செய்து பார்த்தார். "என்னத்த விக்கிறேன்னே தெரியல தங்கச்சி. கையில எடுத்துக் குடுக்க ஒண்ணும் இல்ல" என்பார். கடையை மூடினார். நான் கல்யாணமாகி புக்கிட் பெருவாங் வந்து, ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் உட்கார்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

அந்த மேசைக்கு ஒருநாள் கறுப்புக் கண்ணாடி போட்ட மனிதர் ஒருவரைக் கைபிடித்து ஒரு பெண் அழைத்து வந்தாள். நான் அடையாள அட்டையைக் கேட்டேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"இன்னொரு தடவ பேசு."

"என்னங்க?"

"ஜாசின் கேசட் கடத் தங்கச்சி."

எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தார். இனிப்பு நீர் வியாதி முதலில் கால் விரலைக் கொண்டுபோயிருந்தது. பிறகு இரண்டு கண்களையும். லாரி போனது அதற்கும் முன்னால். மனைவி இறந்துவிட்டார். கூட வந்தவள் ஒரே மகள் புவனா. ஆயர் குரோவில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அடுக்குமாடியில் அப்பாவும் மகளும் இருந்தார்கள். அவள் வேலைக்குப் போனால் திரும்பும்வரை அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

"கேசட்டெல்லாம் என்னாச்சு அண்ணே?" என்று கேட்டேன். ஒரு நோயாளியிடம் முதலில் கேட்கும் கேள்வியா அது? என் வாயில் அதுதான் வந்தது.

"பூசணம் தின்னுடுச்சு. தோட்டத்து வீட்டக் காலி பண்ணச் சொன்னப்ப பொட்டியத் தொறந்தா, வெள்ள வெள்ளையா. தூக்கிப் போட்டாச்சு" என்றவர், சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "இப்ப எல்லாம் இங்க இருக்கு."

பையில் ஹென்போன் இருந்தது. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்லும் மென்பொருளை அதில் புவனா போட்டுக் கொடுத்திருந்தாள். பழகுவதற்குப் பல மாதம் ஆனதாம். பழகிய பிறகு அந்தக் கண்ணாடியில் அவர் விரல் போவதைப் பார்க்க வேண்டுமே. மகளை அழைப்பது, மணி கேட்பது, ஊசி போடும் நேரத்தைக் குறிப்பது எல்லாமே அவரே செய்துகொண்டார். பாட்டுகளை ஒரு இணையக் கடையில் ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். சம்பளம் வந்ததும் அப்பாவும் மகளும் உட்கார்ந்து கொஞ்சம் பாட்டு வாங்குவார்களாம். லாரியில் இருந்த அதே வரிசையை அவர் திரும்பக் கட்டிவிட்டார்.

"சும்மா எறக்குனது இல்ல தங்கச்சி. காசு குடுத்து வாங்குனது. என் சொந்தம்" என்பார். அப்போதெல்லாம் முகம் நிமிரும்.

விடுமுறை நாள்களில் நான் பலகாரம் ஏதாவது கொண்டுபோவேன். அவருக்கு இனிப்பு இல்லாததாகப் பார்த்துச் செய்வது எனக்குப் பெரிய பாடு. ஒருமுறை சர்க்கரை இல்லாமல் பால்கோவா செய்தேன். "சுண்ணாம்பு நல்லா இருக்கு" என்றார். பாட்டுப் போட்டுவிட்டு, இந்த இடத்தில் பாலம் வரும், இந்த இடத்தில் போலீஸ்காரன் நிற்பான் என்று சொல்லிக்கொண்டே வருவார். நானும் புவனாவும் அந்த லாரியில் எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறோம்.

ஒருநாள் பாட்டுகள் திறக்கவில்லை. அந்த இணையக் கடையை நடத்தியவர்கள் கடையை மூடிவிட்டு, இனி மாதச் சந்தாவில் கேட்டுக்கொள்ளலாம் என்று மாற்றியிருந்தார்கள். முன்கூட்டியே ஆங்கிலத்தில் அறிவிப்பு அனுப்பியிருந்தார்களாம். அது புவனா எப்போதோ திறந்து மறந்துபோன ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருந்தது. வாங்கிய பாட்டுகளைக் குறித்த நாளுக்குள் இறக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் பொறுப்பில்லை என்று அதில் இருந்தது. நாள் தாண்டியிருந்தது.

"வாங்குனது எப்புடி இல்லாமப் போவும்?" அண்ணன் என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டார். நான் அந்த ஒப்பந்த வரிகளை மகனை வைத்துப் படித்துப் பார்த்தேன். பாட்டை விற்றதாக எந்த இடத்திலும் அவர்கள் சொல்லவில்லை. கேட்பதற்கு அனுமதி கொடுத்ததாகத்தான் சொல்லியிருந்தார்கள். அந்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கடையை மூடிட்டாங்க அண்ணே என்று மட்டும் சொன்னேன்.

"மூடுனா மூடட்டும். நம்ம மொதலாளியுந்தான் மூடுனாரு. என் கேசட்டப் புடுங்கிட்டா போனாரு?"

புவனா சந்தா கட்டினாள். அதில் பாட்டுகள் கொட்டிக் கிடந்தன. அவருடைய பாட்டுகளில் சில இல்லை. சில வேறு யாரோ திரும்பப் பாடியவை. அவர் ஒன்றைக் கேட்டால், உங்களுக்குப் பிடிக்கலாம் என்று அதுவாக இன்னொன்றைப் போடும். வரிசை நிற்கவில்லை. செயலிக்குள் மாதம் ஒருமுறை பொத்தான்கள் இடம் மாறின. சிலவற்றைப் பேசும் குரலால் படிக்கவே முடியவில்லை. "பொத்தான், பெயரில்லை" என்று மட்டும் சொல்லும். கொஞ்ச நாளில் அவர் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டார். நான் போகும்போது வானொலிகூட ஓடாமல் வீடு அமைதியாக இருக்கும். விசிறி சுற்றும் சத்தம் மட்டும்.

அடுத்தது ஹென்போனின் முறை. பழைய மென்பொருளுக்கு இனி ஆதரவு இல்லை, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. புதுப்பிக்காவிட்டால் வங்கிச் செயலி வேலை செய்யாது என்ற நிலை வந்ததும் புவனா புதுப்பித்தாள். அதன் பிறகு முகப்பே வேறாகிவிட்டது. மேலே தள்ளினால் வந்தது இப்போது கீழே தள்ளினால் வந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து பழகத் தொடங்கினார்.

"வீட்டுக்குள்ள எவனோ வந்து சாமானெல்லாம் எடம் மாத்தி வச்சிட்டுப் போன மாரி இருக்கு தங்கச்சி. நாற்காலி இருந்த எடத்துல நாற்காலி இல்ல. யாரு வந்தான்னும் தெரியல" என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பிற்பகல். புவனா வேலையில் இருந்தாள். தொழிற்சாலைக்குள் ஹென்போன் கொண்டுபோகக் கூடாது, பெட்டியில் பூட்டி வைத்துவிட வேண்டும். வீட்டில் அண்ணன் இன்சுலின் ஊசியைப் போட்டு முடித்திருக்கிறார். சாப்பாடு எடுத்து வைத்தது அப்படியே இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று யாருக்கும் தெரியாது. ரத்தத்தில் இனிப்பு மளமளவென்று இறங்கியிருக்கிறது. அவர் ஹென்போனை எடுத்திருக்கிறார். அதற்குச் சற்று முன்னால்தான் அது தானாக ஒரு புதுப்பிப்பைப் போட்டுக்கொண்டு, அணைந்து, திரும்ப எழுந்திருக்கிறது. அப்படி எழுந்ததும் சிம் அட்டையின் கடவு எண்ணைக் கேட்டு நிற்கும். அதைக் கொடுக்காதவரை யாரையும் அழைக்க முடியாது. யாருடைய அழைப்பும் உள்ளே வராது. எண்ணை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். ஆனால் எந்த எண் எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லும் குரல், அந்தப் பூட்டைத் திறந்த பிறகுதான் பேசத் தொடங்கும்.

எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா காக் நோர் துணி எடுக்கப் போனவர், திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்திருக்கிறார். அண்ணன் தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை. ஹென்போன் கையில் இருந்தது. விரல் மட்டும் கண்ணாடிமேல் அசைந்துகொண்டிருந்தது என்று காக் நோர் பிறகு மலாயில் என்னிடம் சொன்னார். சொல்லும்போது தன் உள்ளங்கையில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினார். மறுபடி அதைக் காட்ட வேண்டாம் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். கண் திறக்கவில்லை, பேச்சும் வரவில்லை. மூளைக்கு இனிப்பு போகாமல் ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, புவனா அந்த ஹென்போனை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யாரப் போயி கேக்குறது ஆண்ட்டி?"

அவள் கேட்டுப் பார்க்காமல் இல்லை. ஹென்போன் வாங்கிய கடைக்குப் போனாள். நாங்கள் விற்பவர்கள் மட்டும்தான், மென்பொருள் எங்கள் கையில் இல்லை என்றார்கள். உதவி மையத்துக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது. மனிதர் எழுதினால் அவ்வளவு சீக்கிரம் வராது. சிரமத்துக்கு வருந்துகிறோம், ஹென்போனை ஒருமுறை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள் என்று இருந்தது. அதற்குக் கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வி.

பிறகு பயனர்கள் கருத்து எழுதும் பக்கத்தைக் காட்டினாள். கீழே போகப் போக அது முடியவே இல்லை. எந்தெந்த நாட்டு ஆட்களோ எழுதியிருந்தார்கள். நான் வாங்கிய படத்தைக் காணவில்லை. என் பிள்ளையின் படங்களைக் காணவில்லை. என் அம்மாவுக்கு இதைத் திறக்கத் தெரியவில்லை, பழையபடி மாற்றிக் கொடுங்கள். பழையபடி, பழையபடி என்று எத்தனை பேர். ஒவ்வொன்றின் கீழும் அதே பணிவான பதில். புவனாவும் எழுதியிருந்தாள். என் அப்பாவுக்குக் கண் தெரியாது, அவர் உங்கள் புதுப்பிப்பில் மாட்டிக்கொண்டார், இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதற்கும் அதே பதில்தான் வந்திருந்தது. உங்கள் கருத்து பயனுள்ளது என்று யாரோ சிலர் குறியிட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் படையலின்போது அப்பாவின் பாட்டு ஒன்றைப் போட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். கடல் தெரியும் இடத்துக்கு அவர் வைத்திருந்த பாட்டு. சந்தாவை நிறுத்தியிருந்ததால் இலவசமாகக் கேட்கும் வழியில் ஒரு தம்பி போட்டுக் கொடுத்தான். படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. எல்லாரும் நின்றோம். பல்லவி முடிந்தது. கடன் வேண்டுமா, அடையாள அட்டை மட்டும் போதும் என்று ஒரு பெண் சிரித்த குரலில் பேச ஆரம்பித்தாள். தம்பி பதறிப்போய்த் திரையைத் தட்டினான். அந்த விளம்பரத்தைத் தாண்ட முடியவில்லை. பரவாயில்லை என்று புவனா சைகை காட்டினாள். கைகளைக் கூப்பியபடியே அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை காத்திருந்தோம். காக் நோர் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பி நின்றார்.

புவனா இப்போது ஜொகூரில் இருக்கிறாள். அந்த அடுக்குமாடி வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ஜாசின் கடை இருந்த இடத்தில் ஹென்போனுக்கு உறை விற்கிறார்கள். அண்ணன் பிறந்த தோட்டத்தில் வரிசை வீடுகள் எழும்பிவிட்டன. வாசலில் காவல்காரன் இருக்கிறான், காரணம் இல்லாமல் உள்ளே விடமாட்டான். அவருடைய ஹென்போனைப் புவனா கொண்டுபோயிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவர் தப்பான எண்ணைப் பல தடவை போட்டதில் அது முழுதாகப் பூட்டிக்கொண்டுவிட்டது.

இந்தத் தீபாவளிக்கு எல்லாருக்கும் ஹென்போனில் ஒரே தட்டலில் வாழ்த்து அனுப்பினேன். விளக்குப் படம் போட்ட வாழ்த்து, யாரோ எனக்கு அனுப்பியது. கொஞ்ச நேரத்தில் தனபால் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. மலாயில், யார் இது என்று கேட்டிருந்தது. பெயரைத் தொட்டுப் பார்த்தேன். தனபால் அண்ணன் என்ற பெயருக்கு மேலே மோட்டார் சைக்கிளோடு ஒரு மலாய்ப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். கட்டணம் கட்டாத எண்ணைக் கொஞ்ச நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

மன்னிக்கவும் தம்பி, தவறான எண் என்று எழுதினேன். பரவாயில்லை ஆண்ட்டி, தீபாவளி வாழ்த்துகள் என்று எழுதினான். நல்ல பையன் போலிருக்கிறது.

அண்ணன் பெயரை அழிக்கப் போனேன். நிச்சயமாக அழிக்கவா என்று ஹென்போன் கேட்டது. ஆமாம் என்பதைத் தொட்டேன்.